கட்டை விரல் மட்டும் வந்த நாள்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண், பிச்சாட்டூர் ஏரியைத் தாண்டியதும் பையிலிருந்து தைலக் குப்பியை எடுத்து நெற்றிப்பொட்டு இரண்டிலும் தேய்த்துக்கொண்டாள். ஜன்னல் மூடியிருந்தது. வாசனை என்னிடம் வருவதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என்ன பாவம் செய்தாள்? காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அது உன் சீட் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நீயும் அதே வளைவில்தான் தைலம் எடுப்பாய். "தலைய யாரோ உள்ள இருந்து இடிக்கறாங்கடி" என்பாய். "உள்ள ஒண்ணுமே இல்லியே, எத இடிக்கறாங்க?" என்று கேட்பேன். முழங்கையால் குத்துவாய். சத்தியவேடு வரும்வரை என் தோளில் தூங்குவாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சொல்லியிருக்க வேண்டிய நாளில் பொய் சொன்னேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எழுதினால் உனக்குப் படிக்கத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆந்திர எல்லையோரம் ஒரே தெருவில் பிறந்தோம். உன் நைனா உன்னை ஊர்ப் பள்ளியில் தெலுங்கு மீடியத்தில் போட்டார். என் நைனா என்னை எல்லைக்கு அந்தப் பக்கம், ஊத்துக்கோட்டைக்கு அனுப்பித் தமிழ் படிக்க வைத்தார். பேசியது ஒரே பேச்சு. எழுத்து மட்டும் வேறு வேறு. யாரோ வரைபடத்தில் கோடு போட்டார்கள், அந்தக் கோடு நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலேயே வந்து விழுந்த மாதிரி ஆனது. பிறகு ஸ்ரீ சிட்டியில் ஒரே கம்பெனியில், ஒரே லைனில், செல்போன் பாகங்களைப் பொருத்தும் வேலைக்குச் சேர்ந்தோம். நம் கையில் ஆளுக்கொரு போன் வந்தது. அப்போதும் உன் எழுத்து எனக்கு ஜிலேபியாகவும் என் எழுத்து உனக்குப் பூட்டுக் கொக்கியாகவும்தான் இருந்தது. அதனால் நமக்குள் குரல்தான். வாய்ஸ் போடுவாய். ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம், நாலு நிமிஷம்.

"ஏய், இன்னா பண்ற, துன்னியா? நான் இன்னா சொல்ல வந்தேன்னா... இரு, இரு, ஆடு உள்ள பூந்துடுச்சி. ஹேய், ஹேய்! யம்மா, இத வந்து புடி! ஆங், இன்னா சொல்லிக்கினு இருந்தேன்?"

சொல்ல வந்தது கடைசி பத்து விநாடியில் இருக்கும். அதுவும் சில நாள் இருக்காது. எனக்குப் பொறுமை இல்லை. இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன். நீ எலி மாதிரிக் கீச்சுவாய், ஆடு கோழி மாதிரிக் கத்தும். நேரம் மிச்சம் பிடித்தேனாம். மிச்சம் பிடித்த அந்த நேரத்தையெல்லாம் எங்கே வைத்தேன் என்று இப்போது தேடுகிறேன். காணவில்லை.

உள்ளே போகும்போது போனை லாக்கரில் பூட்ட வேண்டும். மதியம் ஷிப்ட் முடிந்து லாக்கர் சுவருக்கு வந்தால் போன் சுடச்சுட இருக்கும். லைன் குழு, பஸ் குழு, சேஃப்டி குழு, கேன்டீன் குழு, ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸான சச்சிவாலயத்தின் குழு, தங்கச்சி காலேஜ் குழு, சொந்தக்காரர்கள் சண்டை போடும் குழு. நூறு, நூற்றைம்பது என்று குவிந்து கிடக்கும். வாசலில் லைன் லீடர் நின்றுகொண்டு கத்துவார்: "ரிப்ளை லேகபோதே ஆப்சென்டே!" அவர் அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் பதில் வராவிட்டால் அன்றைக்கு நாம் வேலைக்கே வரவில்லை என்று எழுதிவிடுவாராம். ஆறு மணியிலிருந்து அவர் கண் எதிரில்தான் நின்று வேலை செய்தோம். அது சாட்சி இல்லை. போனில் தெரிவதுதான் சாட்சி.

படித்துப் பதில் போட யாருக்கு நேரம்? பஸ் கிளம்பிவிடும். அதனால் லாக்கர் சுவரில் ஒரு பழக்கம் வந்தது. நாற்பது பெண்களும் வரிசையாக நின்று தலையைக் குனிந்து, வந்த எல்லாவற்றுக்கும் கட்டை விரல் படத்தைப் போட்டுக்கொண்டே போவோம். சாவுச் செய்திக்கும் விரல்தான், பிறந்தநாளுக்கும் விரல்தான். நீ மட்டும் போடமாட்டாய். "நமக்கு ரெண்டு வேலைடி" என்றாய் ஒருநாள். "உள்ள பத்து விரல் வேல. வெளிய வந்தா ஒத்த விரல் வேல." எல்லாரும் சிரித்தார்கள். லைன் லீடர் உன்னைத்தான் அடிக்கடி கூப்பிட்டுத் திட்டுவார். நான் எப்போதும் நல்ல பெண். என் விரல் தப்பவே தப்பாது.

உன் தலைவலி அதிகமானது. கம்பெனி முதலுதவி அறையில், "போன நோண்றத கம்மி பண்ணும்மா" என்றார்கள். அதே வாரம் கம்பெனியே ஒரு வீடியோ அனுப்பியது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மலர்ந்த முகத்தோடு, வாழ்க்கையில் சமநிலை வேண்டும், போனைத் தள்ளி வையுங்கள், மூச்சை ஆழமாக இழுங்கள் என்றார். பார்த்து முடித்ததும் கட்டை விரல் போட வேண்டும் என்று கீழே குறிப்பு. நம்மைக் கேட்காமல் நூறு குழுவில் தள்ளிவிட்டவர்கள், வெளியே வந்தால் வேலை போகும் என்று மிரட்டியவர்கள், நம்மிடமே வந்து கட்டுப்பாடு வேண்டும் என்கிறார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த வீடியோவுக்கும் நான் விரல் போட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு புதன்கிழமை நீ லீவு போட்டிருந்தாய். மதியம் வெளியே வந்தபோது என் போனில் வழக்கம்போல் மலை. நடுவில் உன் வாய்ஸ் ஒன்று. மூன்று நிமிஷம் சொச்சம். பஸ்ஸில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேனா, நினைக்காமலே செய்தேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை. விரல் அதன்பாட்டுக்கு மேலிருந்து கீழே வந்தது. லைன் லீடருக்குப் போட்டது, கேன்டீனுக்குப் போட்டது, உனக்கும் போட்டது. பஸ்ஸில் தூங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை உன் சீட் காலி. இன்னும் ஒரு நாள் லீவு போலிருக்கிறது என்று ஜன்னல் ஓரம் நகர்ந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், காற்று வந்தது, சந்தோஷமாக இருந்தது. மதியம் லாக்கரைத் திறந்தபோது நீ பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாய்.

அன்று சாயந்திரம் நீயே வீட்டுக்கு வந்தாய். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசல்படியில் நின்றபடியே ஆரம்பித்தாய்.

"இன்னாடி, உன் கட்டை விரல் மட்டும் பஸ் ஏறி புத்தூருக்கு வந்துச்சி. ஆள் வரல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீயே சொல்லிக்கொண்டு போனாய். திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் அன்று காலை பத்து மணிக்குத் தலை ஸ்கேனுக்கு முறை கொடுத்திருந்தார்கள். கூட ஒரு ஆள் இல்லாமல் எடுக்கமாட்டார்கள். நீ சொந்த வேலையாக முதல் நாளே புத்தூர் போய்த் தங்கிவிட்டதால், அங்கே பஸ் ஸ்டாண்டில் பழக்கடை பக்கம் நின்றிருந்தாய். ஏழு மணியிலிருந்து. இரண்டு பேருக்கும் இட்லி கட்டி எடுத்துக்கொண்டு.

"பஸ்ஸு பஞ்சர் ஆயிருக்கும், இவ ஓடி வந்துக்கினு இருப்பான்னு நெனச்சேன். பதினோரு மணி வரைக்கும் நின்னேன். உன் பங்கு இட்லியும் நானே துன்னுட்டேன், போ."

நீ கோபமாகக்கூட இல்லை. களைத்திருந்தாய். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி. நான் அதைக் கேட்கவே இல்லைடி, கேட்காமலே விரல் போட்டுவிட்டேன். அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. "லீவு கேட்டேன், அந்த ஆளு குடுக்கலடி. போன உள்ள வச்சிட்டேன், சொல்ல முடியல" என்றேன்.

நம்பினாய். அது மட்டுமில்லை, எனக்காக அவரைத் திட்ட ஆரம்பித்தாய். "கட்டையில போறவன், ஒரு நாள் லீவு குடுத்தா அவன் சொத்தா கரஞ்சிடும்?" அரை மணி நேரம் திட்டினாய். நானும் தலையாட்டினேன். அவரைத் திட்ட ஆயிரம் காரணம் உண்டு. அந்த ஒன்று மட்டும் அவர் செய்யாதது.

ஸ்கேனுக்கு அடுத்த முறை மூன்று வாரம் தள்ளிக் கொடுத்தார்கள். அந்த மூன்று வாரம் முடிய நாலு நாள் இருக்கும்போது லைனில் விழுந்தாய். கையுறையோடு, என் கண் எதிரில். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி என்றார்கள், பெரிதாகிவிட்டது என்றார்கள். ஆறாம் நாள் நீ இல்லை.

டாக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். முன்னாடியே எடுத்திருந்தால்? "அதிகம் மாறியிருக்காதும்மா" என்றார். அப்படியும் இருக்கலாம். அழுத முகத்தைப் பார்த்து எல்லா டாக்டரும் சொல்வதாகவும் இருக்கலாம். எது என்று எனக்கு எந்நாளும் தெரியப்போவதில்லை.

அந்த வாய்ஸை உன் காரியம் முடிந்த மறுநாள்தான் கேட்டேன். அதுவரை பயம். இரண்டு மடங்கு வேகத்தில் இல்லை. நீ பேசிய வேகத்தில். முதலில் சீரியல் கதை. பிறகு ஏதோ வண்டி போகிறது. பிறகு ஆஸ்பத்திரி, நேரம், பழக்கடை. கடைசியில் இப்படி முடித்திருந்தாய்:

"வர முடியலன்னா ஒண்ணும் இல்ல, அம்மாவ இட்டுக்கினு போய்டறேன். ஆனா சொல்லிடு, இன்னா?"

நான் 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே ஸ்கேன் எடுத்திருப்பாய். நான் வராதது உன்னை நிறுத்தவில்லை. வருகிறேன் என்ற பொய்தான் உன்னை நாலு மணி நேரம் அந்தப் பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்தது.

அந்த ஒன்றைத் தவிர உன் பழைய வாய்ஸ்கள் எதுவும் இப்போது என்னிடம் இல்லை. நீ இருக்கும்போதே, போனில் இடம் இல்லை என்று வந்த ஒருநாள் எல்லாவற்றையும் சேர்த்து அழித்துவிட்டேன். கேன்டீன் சாப்பாட்டுப் பட்டியலோடு ஆடு பூந்த கதையும் போய்விட்டது. எதைத் தூக்கி எறிவது, எதை வைத்துக்கொள்வது என்று பிரித்துப் பார்க்கும் நிதானம் என்னிடம் இருந்திருந்தால் உன் குரல் இன்னும் கொஞ்சம் என்னிடம் இருக்கும். நீ எதையும் அனுப்பாத நாட்களில் இப்போது கை தவிக்கிறது. எல்லா நாளும் அப்படித்தான்.

உன் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டார். கை நிற்கவில்லை. கீரை முழுக்க ஆய்ந்து முடித்த பிறகு, "சாப்புட்டு போ" என்றார். சாப்பிட்டேன். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் லாக்கர் சுவரில் விரல் போடுவதை நிறுத்தினேன். லைன் லீடர், "ஆப்சென்ட் போட்டுடுவேன்" என்றார். "சார், ஏதாவது சொல்லணும்னா கூப்புடுங்க, இல்ல நேர்ல சொல்லுங்க. படிக்காததுக்குப் படிச்சேன்னு போடமாட்டேன்" என்றேன். வேறு லைனுக்கு, நாள் முழுக்கக் கண்ணைச் சுருக்க வேண்டிய வேலைக்கு மாற்றினார். நான் ஒன்றும் ஜெயித்துவிடவில்லை. பஸ் குழுவில் இன்னும் இருக்கிறேன். அது இல்லாவிட்டால் பஸ் எப்போது வரும் என்று தெரியாது. சச்சிவாலயக் குழுவும் இருக்கிறது. மற்றதிலிருந்து வெளியே வந்துவிட்டேன். உறவுக்காரர்கள் எனக்குத் திமிர் என்கிறார்கள். இருக்கட்டும்.

உன் போன் இப்போது உன் அம்மாவிடம் இருக்கிறது. வாய்ஸ் போடக் கற்றுக்கொண்டுவிட்டார். உன் எண்ணிலிருந்துதான் வருகிறது, மேலே உன் முகத்தோடு. அவரும் உன்னைப் போலத்தான், சொல்ல வந்ததைக் கடைசியில்தான் சொல்வார். கடைசி வரை கேட்கிறேன். பஸ்ஸைத் தவறவிட்டாலும் நின்று கேட்கிறேன்.

போன வாரம் ஒன்று வந்தது. மாட்டுக்குக் காய்ச்சல், பக்கத்து வீட்டுக் கல்யாணம், எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "சனிக்கிழம அலிபிரில இருந்து அவ பேர்ல திருமலைக்கு நடந்து ஏறலாம்னு இருக்கேன். நீ வர்றியாம்மா?" என்றார்.

எனக்கு ஷிப்ட். மாற்ற முடியாது. போக எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு ஒரு நொடி தள்ளியது. பட்டனை அழுத்திப் பிடித்து, வாயால் சொன்னேன்.

"வர முடியாது அத்த. எனக்கு அன்னிக்கு ஷிப்ட் இருக்குது. நீங்க பெரியம்மாவ இட்டுக்கினு போங்க."

"சரிம்மா" என்று வந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் உன் அம்மாவும் பெரியம்மாவும் ஒன்றாகப் பஸ் ஏறினார்கள். புத்தூரில் எனக்காக யாரும் காத்து நிற்கவில்லை.