வெள்ளிக்கிழமை வருகிறோம்

மார்ச் 2

என் வாயாடித் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம். போனில் கேட்டால் உன் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமாம், கடிதமே எழுது என்று உன் அத்தான் உத்தரவு.

சாய ஆலை வாசலில் பெரிய பேனர் வைத்திருக்கிறார்கள். அத்தான் இரண்டு கையிலும் மீனைப் பிடித்துக்கொண்டு இளிக்கிறார். 'எங்கள் கழிவுநீரில் மீன் வாழ்கிறது' என்று கீழே எழுதியிருக்கிறது. வீட்டில் மீன் கழுவச் சொன்னால் மூக்கைப் பொத்துகிற மனுஷன்! ஆலைக்குப் பசுமை விருது வேறு. கழிவுநீர்ப் பிரிவு மேற்பார்வையாளர் என்று மேடையில் ஏற்றினார்களாம், ஆளைப் பிடிக்க முடியவில்லை.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து திடீர் ஆய்வு வருமாமே, நீதான் வருவாயாமே? என்றைக்கு என்று தெரிந்தால் வீட்டைக் கொஞ்சம் ஒழித்து வைப்பேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

மீன் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். கடைசிக் கேள்வி உன்னுடையது இல்லை. எனக்காக நீ என்றைக்கு வீட்டை ஒழித்திருக்கிறாய்?

ஆலையில் அந்த மீனை விட்டிருக்கும் குளத்தில் ஊற்றுவது லாரியில் வாங்கிய நல்ல தண்ணீர் என்று புகார் வந்திருக்கிறது. நிஜக் கழிவு பின்பக்கக் குழாய் வழியாக அப்படியே கால்வாயில் இறங்குகிறதாம். கால்வாயோரம் குடியிருப்பவர்கள் அனுப்பிய தண்ணீர் என் மேஜைமேல் இருக்கிறது, கத்தரிக்காய் நிறத்தில். அத்தான் ஆலை, என்னை விட்டுவிடுங்கள் என்று மேலதிகாரியிடம் கெஞ்சினேன். "வேற ஆள் இல்லம்மா, நீங்களே போங்க" என்றார். ஆய்வு நாளைச் சொன்னால் என் வேலை போய்விடும். தயவுசெய்து இனிமேல் கேட்காதே. குழாயை மூடச் சொல்.

என்றும் உன்,
தங்கை

மார்ச் 10

கண்ணு,

இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். மூடச் சொன்னேன். "மூடினா வேலை நிக்கும். நின்னா முதலாளி என்னத்தான் வெளிய தள்ளுவாரு" என்று கத்தினார். எல்லாத் தாளிலும் இவர் கையெழுத்துதானாம். பிடிபட்டால் அவர்கள் கைகழுவிவிடுவார்கள், இவர் உள்ளே போவார். இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது கேட்பது நான்தான். எந்த நாள்? தெரிந்தால் அன்றைக்கு மட்டுமாவது அவரை வேலைக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறதடி.

அக்கா

மார்ச் 13

அக்கா,

அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறோம். படித்ததும் கிழித்துவிடு.

தங்கை

மார்ச் 29

தங்கைக்கு,

புதன்கிழமையே வந்துவிட்டாய். வால்வைத் திறந்துகொண்டிருந்த கையோடு அவரைப் பிடித்தீர்களாம். பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் போய் அவரிடம் உளறுவேன், வெள்ளிக்கிழமை வரை அவர்கள் மெத்தனமாக இருப்பார்கள் என்று கணக்குப் போட்டாய். கெட்டிக்காரிதான். ஆனால் நான் சொல்லவே இல்லையடி. சொன்னால் உன் வேலை போகுமே என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வியாழக்கிழமை ராத்திரி நெஞ்சுவலி என்று படுத்துக்கொண்டால் மறுநாள் என்னை விட்டுவிட்டுப் போகமாட்டார் என்று மட்டும் நினைத்திருந்தேன். புதன்கிழமை காலையில் சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்து நானேதான் அனுப்பினேன்.

குழாய் விட்டது தப்புதான். அந்தத் தண்ணீரோடு வாழ்கிறவர்கள் பக்கம் நீ நின்றதில் எனக்கு வருத்தமில்லை. பதிலே போடாமல் இருந்திருக்கலாம். என்னைத் தூண்டில் புழுவாக்கிவிட்டாயே, அதுதான் ஆறவில்லை.

ஓர் ஊழியரின் தனிப்பட்ட தவறு என்று ஆலை அறிக்கை விட்டுவிட்டது. பேனரில் இவர் முகத்தின்மேல் மரக்கன்று படம் ஒட்டியிருக்கிறார்கள். விருது அப்படியே இருக்கிறது.

ஜாமீனில் வந்ததும் நேராக என் முகத்தையே பார்த்து, "உன் தங்கச்சி உங்கிட்ட நாள் சொல்லவே இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அது பொய்கூட இல்லை.

அக்கா