அப்பாவுக்குள் இருக்கும் துணி

ஜூலை 7, திங்கள்

வரலாறு டீச்சர் இன்றைக்கும் வரவில்லை. காலையிலிருந்து மழை. சாக்ஸ் காயவே இல்லை, ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனேன்.

அப்பாவைப் புதுத் தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள். அவர் வேலை பார்க்கும் கழிவுநீர் நிலையத்தில் ஓரமாக ஒரு சின்னத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக்கைத் தின்கிற பாக்டீரியாவை அதில் விட்டிருக்கிறார்களாம். தானாக உண்டானது இல்லை, ஆராய்ச்சிக்கூடத்தில் மாற்றி அமைத்தது. அதை வளர்க்க வந்திருக்கும் விஞ்ஞானிக்கு அங்கே பூச்சியம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். முப்பது வயசுகூட இருக்காதாம், பாவம்.

சாப்பிடும்போது கீழ்வீட்டு பம்ப் மாமா வந்தார். அவருக்கும் அங்கேதான் வேலை, பம்ப் அறையில்.

"உங்கப்பன் இனிமே மாடு மேய்க்கிற மாதிரி பூச்சி மேய்க்கப் போறான். வேளாவேளைக்குத் தீனி வைக்கணுமாம்ல?"

"போய்யா. நீ மேய்க்கிற பம்பு ஒரு நாளாவது ஒழுங்கா ஓடியிருக்கா?" என்றார் அப்பா.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஆபரேஷன். வீட்டில் இந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. போர்வைக்குள் எழுதலாம்.

ஜூலை 9, புதன்

ஏன் சொல்லக்கூடாது என்று எழுதிவைக்கிறேன். எழுதினால் கொஞ்சம் பாரம் குறைகிறது.

போன வருஷம் அப்பாவுக்கு, இதயத்திலிருந்து வருகிற பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி வீங்கிவிட்டது. என் தாய்மாமா ஊர் ஆஸ்பத்திரியில் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, துணியில் நெய்த குழாய் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். வேலை செய்கிற இடத்தில் மஞ்சள் காமாலை என்று சொல்லி லீவு போட்டார். தெரிந்தால் தொட்டி வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிடுவார்கள். வேறு வேலை அப்பாவுக்குத் தெரியாது. பம்ப் மாமாவுக்குக்கூட விஷயம் தெரியாது.

"வெளியில ஒரு வார்த்தை போச்சு, நம்ம கதை முடிஞ்சுது" என்பாள் அம்மா. அப்பா சட்டையைக் கழற்றுவதே இல்லை. எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும்.

ஜூலை 12, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

அப்பா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனதால் அம்மா என்னை அனுப்பினாள். தொட்டி நான் நினைத்த மாதிரி இல்லை. எங்கள் வகுப்பறை அளவுகூட இல்லை. தண்ணீர் சாம்பல் நிறம், மேலே நுரை. அப்பா குனிந்து, பிளாஸ்டிக் துண்டுகள் போட்டுத் தொட்டிக்குள் தொங்கவிட்டிருந்த வலைப்பெட்டியைத் தூக்கி, படிந்த அழுக்கைக் கையால் வழித்துக்கொண்டிருந்தார். வெறுங்கை. சுண்டுவிரலில் கந்தல் சுற்றியிருந்தது.

"கையில என்னப்பா?"

"வலைக்கம்பி கீறிடுச்சு. ஒண்ணுமில்ல."

"கிளவுஸ் போடலியா?"

"அந்த போர்டைப் படி, வக்கீலு."

நான் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். போர்டில் 'இந்தத் தொட்டிக்குள் வேறு எந்த பிளாஸ்டிக்கும் போகக்கூடாது' என்று இருந்தது. கையுறையும் பிளாஸ்டிக்தானே என்று சூப்பர்வைசர் எல்லாருடையதையும் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டாராம். பூச்சி அதையும் தின்றுவிட்டால் கணக்குத் தப்பிவிடும், பூச்சியம்மா திட்டுவாள் என்று. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அப்போது பூச்சியம்மாவே வந்தார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் கட்டி நின்றார். ஒல்லியாக, என் அக்கா என்று சொல்லலாம் போல இருந்தார். கண்ணாடிக் குப்பியில் பஞ்சு மாதிரி ஏதோ மிதந்ததைக் காட்டினார்.

"இது என்ன தெரியுமா? சட்டை."

"சட்டையா?"

"துணி துவைக்கிறப்போ நூல் நூலா உதிரும்ல, அது. கண்ணுக்கே தெரியாது. கடைசியில எல்லாம் இங்கதான் வந்து சேரும். நம்ம பாக்டீரியாவுக்கு இதுதான் விருந்து."

"அது பிளாஸ்டிக் பாட்டிலைத்தானே தின்னும்?"

"பாட்டிலும் பாலியஸ்டர் துணியும் ஒண்ணுதாம்மா. ஒரே சரக்கு. ஒண்ண ஊதிப் பாட்டில் பண்றாங்க, இன்னொண்ண இழுத்து நூல் பண்றாங்க."

பாலியஸ்டர்.

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு வெள்ளைக் குழாயை அம்மா கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுருக்கம் சுருக்கமாக, ரிப்பன் மாதிரி. அதற்கு ஒரு பேர் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்ன பேர்? அதே பேரா? இல்லாமலும் இருக்கலாம். எத்தனையோ துணி இருக்கிறது.

பூச்சியம்மா மேலே என்னென்னவோ சொன்னார். எதுவும் ஏறவில்லை. அவர் போனதும் அப்பா சுண்டுவிரல் கந்தலைப் பல்லால் கடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

விரல். ரத்தம். குழாய். இதைத் தவிர எதையும் நினைக்க முடியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

துணி மடிக்கும்போது சாதாரணமாகக் கேட்பது மாதிரி கேட்டேன். "அப்பாவுக்குள்ள வச்சது என்ன துணிம்மா?"

அம்மா முதலில் ஜன்னலைச் சாத்தினாள். "பாலியஸ்டரோ என்னவோ சொன்னாங்க. நூறு வருஷத்துக்கு மக்காதாம். எதுக்குடி இப்போ அதெல்லாம்?"

"சும்மா."

"சும்மாகூடக் கேக்காதே. பம்ப் மாமாவுக்குக் காது நீளம்."

நூறு வருஷத்துக்கு மக்காது. அதை மக்க வைக்கத்தானே, அம்மா, அந்தப் பூச்சியையே உண்டாக்கியிருக்கிறார்கள்! கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. சட்டைகளை மடித்தேன். எல்லாச் சட்டையிலும் கழுத்துப்பட்டையில் பாலியஸ்டர், பாலியஸ்டர் என்று அச்சடித்திருக்கிறது. இத்தனை நாள் என் கண்ணில் பட்டதே இல்லை.

ஜூலை 18, வெள்ளி

அப்பாவுக்குக் காய்ச்சல். அம்மாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா குளியலறை வாசலில் மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அட்டையைப் பைக்குள் தள்ளினார். அட்டையில் பாதிக்கு மேல் காலி. கையைத் தொட்டேன், கொதித்தது.

"மழையில நனைஞ்சது. உங்கம்மாகிட்ட வாயத் திறக்காதே."

"எத்தனை நாளா?"

"கோர்ட்டுல கேக்கறியா?"

சாயங்காலமானால் வருகிறதாம், வியர்த்துப் போய்விடுகிறதாம். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருக்கிறார். உள்ளே அது தின்றுகொண்டிருக்கிறதா? நூல் நூலாக? தையல் விட்டுப்போனால் எவ்வளவு நேரம்... இல்லை. எழுத மாட்டேன்.

சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால்?

ஜூலை 21, திங்கள்

சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நிலையத்துக்குப் போனேன். பூச்சியம்மா தன் அறையில் தனியாக பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கேள்வியைக் கேட்டேன்.

"ஒருத்தருக்கு உடம்புக்குள்ள பாலியஸ்டர்ல குழாய் வச்சிருந்தா, நம்ம பாக்டீரியா அதைத் தின்னுடுமா? சயின்ஸ் கிளப்புக்காகக் கேக்கறேன்."

அவர் சிரித்தார். "நல்ல கேள்வி. தின்னாது. நாங்க தினமும் ஊத்துறோமே தீனி, அது இல்லாட்டி இதுங்க செத்துப்போயிடும். அப்படித்தான் மாத்தியிருக்கோம். மனுஷ ரத்தத்துல அந்தத் தீனி கிடையாது."

நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். நிம்மதியில்தான். பிஸ்கட் கையிலேயே நொறுங்கியது. அவர் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"யாருக்கு வச்சிருக்கு? அப்பாவுக்கா?"

என்னை அறியாமல் தலையாட்டிவிட்டேன்.

"இந்தத் தொட்டியிலதானே வேலை பார்க்கறார்? சரி, பயப்படாதே. கிளவுஸ் போட்டுக்கிட்டுத்தானே..."

"கிளவுஸை சூப்பர்வைசர் பூட்டி வச்சுட்டார். போர்டுல பிளாஸ்டிக் கூடாதுன்னு போட்டிருக்கே."

அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. ரத்தம் சுண்டிப்போகிறது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

"வெறுங்கையாலயா? எல்லாருமா? இது சாக்கடைத் தண்ணிம்மா!"

அந்த போர்டை எழுதியது அவர்தான். யாராவது பையையோ டம்ளரையோ போட்டுவிடப் போகிறார்கள் என்று எழுதினாராம். கையுறை என்று அவருக்குத் தோன்றவே இல்லையாம். அவர் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறார். அவர் வரும்போதெல்லாம் இவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"காயம் ஏதாவது இருக்கா? காய்ச்சல்?"

இருக்கிறது என்றேன். அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. அவர் விளக்கிய பிறகுதான் விஷயமே எனக்குப் புரிந்தது. அவருடைய பூச்சி ஒன்றும் செய்யாது. ஆனால் சாக்கடையில் சாதாரணமாக இருக்கிற கிருமி எதுவானாலும் காயத்தின் வழியாக ரத்தத்தில் ஏறி, அந்தத் துணியில் போய் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினால் லேசில் போகாது. மற்றவர்களுக்கு வெறும் காய்ச்சல், அப்பாவுக்கு உயிரே போகலாம்.

நான் தப்பான எதிரியைப் பார்த்து இத்தனை நாள் பயந்திருக்கிறேன்.

அப்பாவைத் தொட்டியிலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள். சூப்பர்வைசர், பம்ப் மாமா எல்லாரும் பார்க்க, பூச்சியம்மா அப்பாவின் முழங்கையைப் பிடித்துக் காரில் ஏற்றினார். அப்பா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நீயா சொன்னே?"

வக்கீலு என்று சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஆஸ்பத்திரி. அம்மா என்னிடம் பேசவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 26, சனி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கிருமி இருக்கிறது. குழாயைச் சுற்றிலும் சீழ் கட்டத் தொடங்கியிருக்கிறதாம். எங்கும் இருக்கிற கிருமிதான். பூச்சியம்மா தன் பாக்டீரியாவுக்கும் தனியாகச் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். அது இல்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. "போர்டு என் கையெழுத்துதானே" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

டாக்டர் அம்மாவிடம், "இன்னும் பத்து நாள் கழிச்சு வந்திருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டிருப்பேன்" என்றார்.

அம்மா வராந்தாவில் உட்கார்ந்து என் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூச்சு முட்டியது. விலகவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பம்ப் மாமா அப்பாவைப் பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று ஒரே சத்தம். நர்ஸ் இரண்டு முறை வந்து அதட்டினாள்.

"காமாலைன்னு சொன்னியேடா பாவி! எண்ணெயில பொரிச்சது எதையும் உன் முன்னாடி தின்னக் கூடாதுன்னு ஒரு வருஷமா பம்ப் ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுத் தின்னேன்! திருடன் மாதிரி!"

அப்பா சிரிக்க முயன்றார். கையில் ஊசி ஏறியிருந்ததால் மற்றக் கையால் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மாமா பேச்சை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

தொட்டியை மூடி வைத்து எல்லாருக்கும் பரிசோதனை நடந்ததாம். இன்னொருவருக்குக் கையில் புண் புரையோடியிருந்ததாம். நீளக் கையுறை வந்துவிட்டது. போர்டைக் கழற்றிவிட்டார்கள்.

அப்பா என்னிடம் பேசவில்லை. நான் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்கிறார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காய்ச்சல் இல்லை. துணியை எடுக்க வேண்டியதில்லை, மருந்திலேயே அடங்குகிறது என்கிறார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். பாதியாக இளைத்திருக்கிறார். நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்: இனி எந்தத் தொட்டிப் பக்கமும் வரக்கூடாது. வேறு வேலை காலியானால் சொல்கிறார்களாம். அப்பா கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். நாங்கள் எதற்குப் பயந்தோமோ அது அப்படியே நடந்துவிட்டது. நான்தான் நடத்தி வைத்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தொட்டியை மறுபடி திறக்கிறார்கள். தீனி ஊற்றவும் வலைப்பெட்டியைக் கவனிக்கவும் ஆள் வேண்டும் என்று பூச்சியம்மா அம்மாவைக் கேட்டிருக்கிறார். அம்மா அப்பாவிடம் அனுமதி கேட்கவில்லை. "திங்கக்கிழமையிலேர்ந்து போறேன்" என்றாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 6, திங்கள்

அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரமாகிறது. பூட்ஸ் அவளுக்குப் பெரிது, நடந்தால் தொப்பு தொப்பென்று சத்தம் கேட்கிறது. சாயங்காலம் வந்ததும் அப்பா அவளை வாசலிலேயே நிறுத்தி இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொல்கிறார். நகக்கண் வரை பார்க்கிறார். "சூப்பர்வைசர்கூட இவ்வளவு படுத்தறதில்ல" என்கிறாள் அம்மா. வலையில் தொங்கவிட்ட பாட்டில் துண்டு ஒன்று வெங்காயத் தோல் மாதிரி மெலிந்துவிட்டதாம். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறதாம்.

இன்று காலை அடுப்படியில் அப்பா நின்றிருந்தார். அம்மாவின் சாப்பாட்டுக்கு ஏதோ கிளறிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்தேன். திரும்பாமலே கரண்டியைப் பின்பக்கமாக நீட்டினார்.

"உப்பு பாரு."

என்னிடம்தானா? வேறு யாரும் அங்கே இல்லை. கையில் வாங்கி நக்கிப் பார்த்தேன்.

"ஜாஸ்திப்பா. ரொம்பவே ஜாஸ்தி."

அப்பா திரும்பிப் பார்த்தார். "உன்னால ஒண்ணையாவது உள்ள வச்சுக்க முடியுதா?"

நான் செம்போடு ஓரடி பின்னால் நகர்ந்தேன். அதற்குள் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்புதான். சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த செம்பை வாங்கி, பாதித் தண்ணீரைச் சட்டியில் ஊற்றிக் கிளறினார். குழைந்துபோய்விட்டது. அதைத்தான் இரண்டு பேருமாக அம்மாவின் டப்பாவில் அடைத்தோம்.