சர்பத் நேரத்து ஆரியா

நேப்பிள்ஸ், 1731 ஜனவரி 8
எங்கள் இசைநாடகத்தில் நாயகனான இளவரசன் வேடம் போடும் கஸ்தால்திக்கான ஆரியாவை, அவன் தனித்துப் பாடும் பாட்டை, இன்று முடித்தேன். சிறைக் காட்சி. அடியில் செல்லோ வாத்தியமும் நான் வாசிக்கும் ஹார்ப்சிகார்டும் அதே நான்கு சுரங்களில் திரும்பத் திரும்ப இறங்கி வர, மேலே குரல் மட்டும் இறங்க மறுக்கிறது. இதைவிட நன்றாக நான் எழுதியதில்லை. நாடக அரங்கின் முதலாளி தோன் அனியெல்லோ அடுத்த ஆண்டும் என்னையே வைத்துக்கொள்ள இது போதும்.

ஜனவரி 11
கஸ்தால்தி ஒருமுறை புரட்டிப் பார்த்தான். "முதல் பகுதி திரும்பி வரும்போது ரெண்டு சங்கதி போட இடம் விட வேணாமாய்யா? என் தொண்டைய எங்க காட்டுறது?"
ஊர் ஊராகப் பெட்டியில் சுமந்து வரும் தன் பாட்டையே பாடப்போகிறான். புயலில் தவிக்கும் கப்பலைப் பற்றியது. எங்கள் கதையில் கடலே இல்லை.

ஜனவரி 12
என் ஆரியாவைத் தாதி வேடம் போடும் கார்மோசினாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அதாவது, சின்ன வேடக்காரர்கள் பாட, சபை எழுந்து போய்ப் பனிச் சர்பத் வாங்கும் நேரத்துக்கு. இளவரசனுக்குப் பதில் தாதி அழுவாளாம்.
இதுக்குத்தானா மூணு வாரம் சோறு தண்ணியில்லாம கிடந்தேன்?
கார்மோசினா மட்டும் தாளை முத்தமிட்டாள். "எனக்கா? நெசமாவா?"

ஜனவரி 15
அரங்கேற்றம். கப்பலுக்குக் கைதட்டல் கூரையைப் பிளந்தது. பிறகு கார்மோசினா. தலையைக் குனிந்துகொண்டு வாசித்தேன். சர்பத் கரண்டிச் சத்தம் இதோ வரும், இதோ வரும் — வரவில்லை. நிமிர்ந்தால், பாதி எழுந்த ஒரு சீமாட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.
அழுதேன். வெட்கமில்லை.

ஜனவரி 16
விடிந்ததும் சர்பத் கடைக்காரர் சபத்தீனோ முதலாளி அறையில் நின்றார்.
"மலையிலேருந்து கழுதை மேல ஏத்தி வந்த பனி! அம்புட்டும் தண்ணியாப் போச்சு. ஒரு ஆளு எந்திரிக்கல. அந்தப் பாட்டு இருந்தா நான் கடையைக் கட்டிக்கிட்டுப் போறேன்."
தோன் அனியெல்லோ என் பக்கம் திரும்பினார். "சர்பத் இல்லன்னா சபைக்கு எவன் வருவான்? சனங்க எந்திரிச்சுப் போற மாதிரி ஒண்ணு எழுத உங்களால முடியாதா, மேஸ்த்ரோ?"
முடியும் என்றேன். அடுத்த ஆண்டு நினைவுக்கு வந்துவிட்டது.

ஜனவரி 17
எழுதினேன். கால் மணி நேரம் ஆனது. கார்மோசினா புதுத் தாளை வாங்கிக்கொண்டாள். "அது இனிமே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். நான் சுருதி கூட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஜனவரி 18
இரண்டாவது வரியிலேயே சபை எழுந்தது. கார்மோசினா காலி நாற்காலிகளுக்குப் பாடினாள், ஒரு சுரம்கூடப் பிசகாமல்.
தோன் அனியெல்லோ என்னைக் கட்டிக்கொண்டார். "அடுத்த வருஷமும் நீங்கதான்!" சபத்தீனோ ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பியிருந்தார். எலுமிச்சை. நன்றாகத்தான் இருந்தது, முழுவதும் சாப்பிட்டேன்.