குடை எடுத்தாச்சா?

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் உன் வண்டியும் நலமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை உன்னைவிட வண்டி நலமாக இருப்பது முக்கியம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இதைப் பக்கத்தில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்து படி.

நம் மாப்பிள்ளை குடும்பத்தோடு சுற்றுலா போகத் திட்டம் போட்டிருக்கிறார். திட்டத்தை என் அலுவலகத்துக்கே அனுப்பி, "அக்கா, நீங்களே எல்லாம் புக் பண்ணிடுங்க, வெளியாள்கிட்ட எதுக்குக் கொடுக்கணும்" என்று எழுதியிருந்தார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பயணத்திட்டம் போட்டே தலை நரைத்தவள் நான். அந்தக் கண்ணோடு பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலில் இந்த நகரத்தில் தங்கல்: அருங்காட்சியகம், பழைய கடைவீதியில் நடை, சாயங்காலம் இசையரங்கு. பிறகு மலை: ஆற்றில் துடுப்புப் படகு, காட்டுப் பாதையில் சைக்கிள், கடைசி நாள் முகட்டின் மேல் நடை. கால் வலிக்கும் நாளுக்கு அடுத்த நாளை லேசாக வைத்திருக்கிறார். இவ்வளவு பக்குவமாகத் திட்டம் போடத் தெரிந்த ஆளை வேறு சமயமாக இருந்தால் எங்கள் அலுவலகத்துக்கே வேலைக்குக் கூப்பிட்டிருப்பேன்.

ஆனால் அந்தக் கடைசி நாள்தான் எனக்கு இடிக்கிறது. முகட்டு நடைக்கு அவரும் உன் சின்னக்காவும் மட்டும் போகிறார்களாம். குழந்தை வாண்டு கீழே தங்கும் விடுதியில், காவல்காரர் மனைவியிடம் இருப்பாளாம். உன் சின்னக்காவை நினைத்துப் பார். ஸ்டூலில் ஏறிப் பல்பு மாட்டச் சொன்னால்கூட அழுவாள். ரயில் மேம்பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உன் சட்டையைப் பிடித்துக்கொள்வாளே, உன் பித்தான்கள் எத்தனை போயிருக்கும்! இது மாப்பிள்ளைக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சொல்லித்தான் அவளைக் கேலி செய்துகொண்டிருந்தார்.

எங்களோடு வேலை செய்யும் மலை வழிகாட்டி ஒருவர் இருக்கிறார். ஆள் உயரமென்பதால் நெட்டையர் என்று கூப்பிடுவோம். அவரை நான் இவர்களோடு போகச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை அவரையே நேராகக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்டு, கம்பி வேலி எந்த இடத்தோடு முடிகிறது, அதற்கு அப்பால் போன் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். "எல்லாரும் எங்க நின்னா போட்டோ நல்லா வரும்னுதான் கேப்பாங்க. இவரு வேலி எங்க முடியுதுன்னு கேக்கறாரும்மா" என்று நெட்டையர் என்னிடம் வந்து சொன்னார்.  அந்த மலைக்கு அனுமதிச் சீட்டு கிடையாது, பெயர் எழுதும் வழக்கம் கிடையாது. யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

போன மாதம் அவள் மணிக்கட்டு உடைந்தது உனக்குத் தெரியும். மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று மாப்பிள்ளைதான் போனில் சொன்னார். ஐயோ பாவம் என்று நாமும் கேட்டுக்கொண்டோம். தம்பி, அவர்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. வாசலில்கூடப் படி இல்லை.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார், நன்றாகச் சிரித்துப் பேசினார். அவளை என்னோடு ஒரு நிமிஷம் தனியாக விடவில்லை. வாண்டைத் தன் மடியைவிட்டு இறக்கவே இல்லை. அவளோ கட்டுப் போட்ட கையை முந்தானையால் மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நம் வீட்டிலேயே வாய் நீளம் அவளுக்குத்தான் என்பதை நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். அவளிடம் இப்போது தனிப் போன் இல்லை. நாம் பேசுவதெல்லாம் அவர் போனில், ஸ்பீக்கரில். கடிதம் போட்டால் அவர்தான் பிரித்து வாசித்துக் காட்டுகிறார்.

இனி நான் சொல்லப்போவதற்குச் சிரிக்காதே. அப்பாவின் குடை ஞாபகம் இருக்கிறதா? யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் கொஞ்ச நேரத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அம்மாவைப் பார்த்து "குடை எடுத்தாச்சா?" என்பார். மழையோ வெயிலோ, இங்கிருந்து கிளம்பு என்று அர்த்தம். நாம் மூன்று பேரும் தட்டைப் போட்டுவிட்டு எழுந்து நிற்போம். அப்பா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். நீ மட்டும் ஒரு தடவை நிஜமாகவே யாரோ ஒருவருடைய குடையைத் தூக்கிக்கொண்டு வந்து மானத்தை வாங்கினாய்.

போன வாரம் போனில் உன் சின்னக்கா, "அக்கா, ரொம்ப நாளா குடையத் தேடறேன், கிடைக்கவே மாட்டேங்குது" என்றாள். நான் ஒரு மக்கு, "இந்த வெயில்ல உனக்கு எதுக்குடி குடை?" என்று கேட்டேன். அவள் சும்மா சிரித்தாள். பின்னால் அவரும் சிரித்தது கேட்டது. மறுநாள் அலுவலகத்தில் ஒரு பயணி, பேருந்தில் விட்ட குடையைத் தேடிக்கொண்டு வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

புகார் கொடுக்கலாமே என்பாய். என்னவென்று கொடுப்பது? மாப்பிள்ளை மனைவியைச் சுற்றுலா கூட்டிப்போகிறார் என்றா? என் பயம் பொய்யாகவே இருக்கட்டும். பைத்தியக்கார அக்கா என்று ஆயுசுக்கும் நீங்கள் எல்லோரும் கேலி செய்யுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவளை அந்த முகட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். அவர்கள் அருங்காட்சியகத்துக்கு வரும் நாளில், அதன் பின்வாசல் சந்தில் வண்டியோடு நில். குடைகளை வாங்கி வைக்கும் அறை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அவளுக்குப் புரிகிற மாதிரி நான் எழுதிக்கொள்கிறேன்.

உன்னை நம்பி இருக்கும்,
பெரியக்கா


அன்புள்ள மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும்,

வாண்டுக்கு என் முத்தங்கள். உங்கள் திட்டத்தை அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன் மாப்பிள்ளை. நகரமும் வேண்டும், காடும் வேண்டும், குழந்தைக்கு அலுப்பும் தட்டக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள். அறைகள் சொல்லியாகிவிட்டது. இசையரங்கில் நடுவரிசையில் இடம் பிடித்திருக்கிறேன்.

அருங்காட்சியகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தங்கச்சி, இங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடிவதில்லை, அதனால் மறக்காமல் குடை எடுத்துக்கொண்டு வா. உள்ளே குடையைக் கொண்டுபோக விட மாட்டார்கள். பின்வாசல் பக்கத்து அறையில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்கள். டோக்கன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்கள் கையில்தான் திருப்பித் தருவார்கள். அதனால் உன் குடையை நீயேதான் போய் எடுக்க வேண்டும். வாண்டையும் கையோடு கூட்டிப்போ. அந்த அறைக்கு வெளியே ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு வைத்திருக்கிறார்கள், பார்த்தால் துள்ளுவாள். அந்தப் பின்வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அப்பா நினைவுதான் வருகிறது. செருப்பை மாட்டிக்கொண்டு நமக்கு முன்னால் வாசலில் போய் நிற்பாரே, அதே போல இப்போதும் அங்கே நிற்பார் என்று தோன்றுகிறது.

மாப்பிள்ளை, நெட்டையரை வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களாமே. மனுஷர் முகம் வாடிவிட்டது. கூட வரட்டுமே, பேச்சுத் துணைக்காவது ஆகும். தங்கைக்கு உயரம் ஆகாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் எங்களுக்குச் செல்லமாக வளர்ந்தவள், கொஞ்சம் பிடிவாதக்காரி, ஏதாவது தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, உடைந்த கையில் பாரம் தூக்காதே. குடையும் குழந்தையும் மட்டும் உன் கையில் இருந்தால் போதும், மற்றப் பெட்டி படுக்கையெல்லாம் தானாக வந்து சேரும்.

எல்லோரும் நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
பெரியக்கா


மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன், மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டாள்.

குடையைப் பற்றி இவ்வளவு எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. வானிலை அறிக்கை பார்த்துவிட்டேன், ஒரு துளி மழைகூட இல்லை. இருந்தாலும் தாங்கள் சொன்னதற்காக மழைக்கோட்டு வாங்கியிருக்கிறேன், எனக்கும் வாண்டுக்கும். அவளுக்கு எதற்குப் புதிது?

யோசித்துப் பார்த்ததில் நகரம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கூட்டம், இரைச்சல், வேண்டாத சந்திப்புகள். நேராக மலைக்கே போகிறோம். நகரத்து ஏற்பாடுகளை ரத்து செய்துவிடுங்கள். வழிகாட்டியும் வேண்டாம், குடும்பத்துக்குள் மூன்றாம் மனிதர் எதற்கு? அவளுடைய உயரப் பயத்தை நான் போக்கிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவள் எதற்கும் பயப்பட மாட்டாள்.

தாங்கள் கவலைப்படக் கூடாது என்பதற்காக அவளையே ஒரு வரி எழுதச் சொன்னேன். நான் குடை வேண்டாம் என்று சொன்ன பிறகும் என்ன எழுதியிருக்கிறாள் பாருங்கள். உங்கள் வீட்டுப் பழக்கம் லேசில் போகாது போலிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

அக்கா, நான் நல்லா இருக்கேன். குடை எடுத்தாச்சு. வாண்டோட குடையும் எடுத்தாச்சு.


தம்பி,

அருங்காட்சியகம் இல்லை. அவர் நகரத்தையே திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். அவள் எழுதிய வரியை இதோடு வைத்திருக்கிறேன், படித்துக்கொள். எழுத்து எப்படிக் கோணியிருக்கிறது பார், உடைந்தது அவளுடைய எழுதும் கை.

அவர்கள் புறப்படும் காலையில் எங்கள் அலுவலகத்தின் பின்கதவுக்கு வா. அச்சகத்துச் சந்து வழியாக நுழை, முன்தெருவுக்கு வராதே. இஞ்சினை நிறுத்தாதே. நெட்டையரிடம் சொல்லியிருக்கிறேன், முன்பக்கத்தை அவர் பார்த்துக்கொள்வார். அவர்கள் எதற்கு இங்கே வருவார்கள் என்று கேட்காதே. இத்தனை வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பயணிக்கும் நான் பொய் சொன்னதில்லை.

அக்கா


அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் விருப்பம் போலவே நகரத்து ஏற்பாடுகளை எல்லாம் ரத்து செய்துவிட்டேன். மலையில் தங்கும் விடுதி உறுதியாகிவிட்டது. நெட்டையரும் வரமாட்டார். நீங்கள் சொன்னதும் சரிதான், குடும்பத்துக்குள் வெளியாள் எதற்கு?

ஒரே ஒரு காரியம் மட்டும் பாக்கி. மலைக்குப் போகிறவர்கள் இப்போது அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டும். புதிய சட்டம், கறாராகப் பார்க்கிறார்கள். சீட்டு இல்லாமல் போனால் அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பயணமே வீணாகிவிடும். பெரியவர்கள் ஒவ்வொருவரும் எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மலைக்குப் போகும் பேருந்து எப்படியும் எங்கள் தெருமுனையில்தான் நிற்கும், இறங்கி வேலையை முடித்துக்கொண்டு அடுத்த பேருந்தைப் பிடித்துவிடலாம். ஆண்களுக்கு முன்பக்க அறை, பெண்களுக்குப் பின்பக்க அறை. சிறு பிள்ளைகள் தாயோடுதான் போக வேண்டும். நம் மாப்பிள்ளைக்காக இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று நானும் மேலிடத்தில் கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முன்பக்கத்தில் கொஞ்சம் நேரம் பிடிக்கும். உங்களுக்கு நாற்காலி போட்டு, காபியும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தச் சட்டத்தைப் பற்றி ஏதாவது சந்தேகம் இருந்தால் தாராளமாக அலுவலகத்துக்கு போன் செய்து கேளுங்கள். அந்த போன் என் மேசையில்தான் இருக்கிறது, நானே எடுப்பேன்.

இனி தங்கைக்கு. இதையும் நீங்களே அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள் மாப்பிள்ளை, உங்கள் வாயால் கேட்டால்தான் அவள் மனதில் நன்றாகப் பதியும்.

தங்கச்சி, உன் ஒரு வரி கிடைத்தது. நீ நல்லா இருக்கேன் என்று எழுதியதைவிட, குடை எடுத்தாச்சு என்று எழுதியதில்தான் எனக்கு நிம்மதி. வெயில் கொளுத்தினாலும் அதைக் கையைவிட்டு இறக்காதே. வாண்டின் கையை ஒரு நிமிஷமும் விடாதே. நான் பின்பக்க அறையில் உனக்காகக் காத்துக்கொண்டிருப்பேன். உள்ளே வந்ததும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம், நேராக என்னிடம் நடந்து வா. பயப்படாதே அம்மா. அங்கே படிகளே கிடையாது.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
பெரியக்கா