மில் கூரையில் எரிந்த பெட்டி

ஜூன் 16
மாட்டின அன்னைக்கே சொன்னேன், எரியும்னு. எவன் கேட்டான்? தங்கச்சி மக நிலோபர் கோயம்புத்தூர் கம்பெனியில் அவளே வடிவமைத்த முதல் இன்வெர்ட்டர். சோலார் கரண்டை லைன் கரண்டாக மாற்றும் பெட்டி. செல்லச்சாமி அண்ணாச்சியின் வடகரை எண்ணெய் மில்லில் சோதனைக்கு வைத்திருந்தாள், என்னைக் காவல் போட்டு. இன்று கரிக்கட்டை. உள்ளே பதிவாகிற விவரமும் சேர்ந்து வெந்துவிட்டதாம். இனி என் கண்தான் சாட்சி. சவுதி தம்மாமில் மூன்று பவர் ஹவுஸை ஒற்றை ஆளாக ஓட்டியவன் கண்!

நிலோபருக்குப் போனில் விளக்கினேன். கரண்ட் போகவே இல்லை. சோலார் வயர் நுழைகிற பக்கம் நீலப் பொறி, பாம்பு நாக்கு மாதிரி.

"கண்ணால பாத்தீயளா மாமா?"

"ஏட்டி, புருவமே கருகிட்டுங்கேன்."

ஜூன் 24
அந்தப் பக்கம் மொத்தத்தையும் மாற்றி வரைகிறாளாம். மீட்டிங்கில் "எங்க மாமா பாத்தாங்க" என்றாளாம். பெருமைதான். சோறு இறங்கவில்லை.

ஜூலை 9
புதுப் பெட்டியும் போச்சு, உள்ளே இருந்த பதிவோடு. இந்த முறை நிஜமாகவே எதிரில் நின்றேன். கரண்ட் போய்த் திரும்பி வந்த நொடி, லைன் பக்கம் புகை. பொறி கிறி ஒன்றுமில்லை.

அண்ணாச்சி வேறு: "வே மைதீன், உம்ம மருமவ பெட்டி நின்னுட்டு. உம்ம வாய்தாம்வே நிக்காம ஓடுது."

நிலோபர் கேட்டாள், "அதே நீலப் பொறிதானா மாமா?"

ஆமான்னுட்டேன். ஏன் சொன்னேன்? இல்லைன்னா முதல்ல சொன்னது என்னாகும்?

ஜூலை 12
"இன்னும் ஒண்ணுதான் குடுப்பாங்க மாமா. அதுவும் எரிஞ்சா டிசைன்ல என்னை வைக்க மாட்டாங்க."

அழவில்லை. அழுதிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஜூலை 13
சொல்லிடணும்.

ஜூலை 14
போன் போட்டேன். இங்கன நல்ல சாரல்னு சொல்லிட்டு வச்சிட்டேன்.

ஜூலை 27
மூன்றாவதோடு அவளே வந்தாள். சோலார் பக்கம் இரட்டைத் தடுப்பு. மத்தியானம் கரண்ட் போனது. உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. கரண்டும் வந்துவிட்டது.

புகையைப் பார்த்தபடி கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3
அவளை விற்பனைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தராவது பாத்துச் சொன்னீயளே மாமா" என்றாள்.

முதல் பெட்டி எரிந்த அன்று நான் மில்லிலேயே இல்லை. ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தேன்.