ஹோய் ஆனில் நீ நின்ற இடம்

இன்று நவம்பர் 12, புதன்கிழமை. ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டிய மாதம் என்பதால் காலையில் பழைய கோப்பை எடுத்தேன். அதற்குள் வியட்நாமின் ஹோய் ஆன் நகரத்து வரைபடம் நான்காக மடிந்து கிடந்தது. நாம் நடப்பதற்காக நான் பென்சிலால் இழுத்த கோடு அழியவில்லை. அது இருக்க வேண்டிய கோப்பு அதுவல்ல. நீதான் சொருகியிருப்பாய்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பார்த்தேன், மடித்தேன், மேசைமேல் வைத்தேன். ஏழு மாதமாக இப்படித்தான் இருக்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் அழுதார்கள். நான் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 6 காலையில், நீ வழியில் உட்கார்ந்திருந்தபோது, உன் புருஷனாகிய நான் ஏன் நிற்காமல் போனேன் என்பது. அதை ஹோய் ஆனிலிருந்துதான் சொல்ல முடியும்.

நம் நாற்பத்தோராவது திருமண நாளுக்கு மகள் ஏற்பாடு செய்த பயணம் அது. பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது ஐந்துக்கு விடுதியிலிருந்து இறங்கினோம். அந்த நேரத்தில் பழைய நகரத்துக்குள் வண்டிகள் வரக்கூடாது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. மஞ்சள் பூசிய சுவர்கள், பாசி பிடித்த ஓடுகள், வாசலுக்கு வாசல் தொங்கும் துணி விளக்குகள். “ஓட்டப் பாத்தா திருவட்டாறு பக்கம் வந்த மாரி இருக்கு” என்றாய். அந்த நடையில் உன் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

நான் முன்னால் நடந்தேன். யோசித்துச் செய்ததல்ல. ஆலயத்துக்கானாலும் கருங்கல் ஊர்ச் சந்தைக்கானாலும் நம் ஊர்ப் பக்கத்தில் என் வயது ஆண்கள் பத்தடி முன்னால்தான் போவார்கள். மனைவி பின்னால் வருவாள். பேச்செல்லாம் தலை திரும்பாமலே நடக்கும். ட்ரான் ஃபூ தெரு முழுவதும் நான் பேசிக்கொண்டே போனேன். சீன வணிகர்கள் கட்டிய மண்டபம் இது, அந்தக் கூரை விளிம்பைப் பார், இந்த மரத்தூணைப் பார். பதில் வராதது எனக்குப் புதிதல்ல. கூரை போட்ட பாலத்தை ஒன்பது இருபத்தேழுக்கு அடைந்தேன். “தண்ணீரைக் கொடு” என்று கையைப் பின்னால் நீட்டினேன். கையில் ஒன்றும் வரவில்லை. திரும்பினால் ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உன் கைபேசியும் என் பையில்தான் இருந்தது. போன வழியே திரும்பினேன். ஒவ்வொரு சந்தாக நுழைந்து பார்த்தேன். ஆற்றோரச் சந்தைக்குப் பக்கத்தில், சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலியில் நீ இருந்தாய். எதிரே கூம்புத் தொப்பி வைத்த ஒரு பெண் வாழைப்பூ அரிந்துகொண்டிருந்தாள். உன் மடி நிறைய அவள் கழித்துப் போட்ட பூக்கள்.

“வந்தியளா? மணி எத்தற?”

“பத்து எட்டு. எங்கே போனாய்?”

“நான் எங்கயும் போவல்ல. நின்னேன். நீங்கதான் போயிட்டிய. எப்பத் திரும்பிப் பாப்பியன்னு நின்னு பாத்தேன். பொறவு ஆளயே காணல்ல.”

“வெளிநாட்டில் இதென்ன விளையாட்டு?”

“நாப்பத்தொண்ணு வருசமா உங்க முதுகப் பாத்துத்தான் நடக்கேன். சட்டயில எந்தத் தையலு விட்டிருக்குன்னு கண்ண மூடிச் சொல்லுவேன். நான் இன்னைக்கு என்ன கலரு சேல உடுத்திருக்கேன், சொல்லுங்கோ?”

“நீலம்.”

“இப்பப் பாத்துச் சொல்லப்பிடாது.”

பிறகு, எதுவுமே நடக்காதது போல அந்தப் பெண்ணைக் காட்டினாய். “இவ கூத்தப் பாருங்கோ. மடல அரிஞ்சு எடுத்துக்கிட்டு பூவத் தூரக் களையுதா. பூவுக்குள்ள இருக்க கள்ளன் நரம்ப எடுத்துக் காட்டியும் குடுத்தேன். சவம், கேக்கமாட்டுக்கா.” அவளும் தன் மொழியில் ஏதோ சொல்லி உன் கையைத் தட்டிவிட்டாள். நாற்பத்தொரு நிமிடம் நான் பயந்த பயத்தை உங்கள் இருவரில் ஒருவரும் மதிக்கவில்லை.

மீதி மூன்று நாளும் உன் பக்கத்தில் நடந்தேன். எனக்கு அது தெரியாத வேலை. என் கால் முந்தியது, அல்லது உன் செருப்பை மிதித்தது. “புதுமாப்பிள தோத்தாரு” என்று சிரித்தாய். கடைசி நாள் ஆற்றங்கரையில் நீயே ஓர் ஏற்பாடு சொன்னாய்: “ஊருல போயிப் பக்கத்துல நடந்தா ஆளுவ சிரிக்கும். நீங்க முன்னாலயே போங்கோ. ஒருக்கா ஒருக்கா திரும்பிப் பாருங்கோ, போதும்.” சம்மதித்தேன்.

அதைத் தவறாமல் செய்தேன் என்பதற்கு நீ சாட்சி. நீயும் விளையாட்டை விடவில்லை. மார்ச் 2, பிறகு மார்ச் 23, இரண்டு ஞாயிறும் ஆலயத்துக்குப் போகும் வழியில் வாய்க்காலைக் கடக்கும் சிறு பாலமான கலுங்கின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காதவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாய். நான் விரலை ஆட்டி மிரட்டியதும் சிரித்துக்கொண்டு எழும்பி வந்தாய்.

ஏப்ரல் 6, லெந்து என்னும் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. ஆராதனையில் வேதாகமத்தின் முதல் பாடம் வாசிக்கும் முறை என்னுடையது. திரும்பிப் பார்த்தேன். நீ கலுங்குச் சுவரில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய். விரலை ஆட்டினேன். “சரி சரி, எழும்பு” என்றேன். அப்போது ஆலயத்தில் இரண்டாம் மணி அடித்தது. சிரித்துக்கொண்டேதான் போனேன். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் பெண்கள் பக்கத்தில் யார் வந்தார், யார் வரவில்லை என்று தெரியாது. நீ வந்து உட்கார்ந்திருப்பாய் என்றே இருந்தேன். பாடத்தைப் பிழையில்லாமல் வாசித்தேன். உன்னை ஓர் ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போன செய்தி எனக்கு ஒன்பது ஐம்பதுக்குத்தான் வந்தது.

மறுநாள், 7-ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு, உனக்குக் கொஞ்சம் தெளிந்தது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். நீ மகளிடம் சொன்னாய்: “அப்பா திரும்பிப் பாத்தாவ, கேட்டியா மக்கா. பாத்துட்டுத்தான் போனாவ.” பெருமையாகச் சொன்னாய். களைப்புக்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் எண்ணிப் போனதாக மகள் நினைத்துக்கொண்டாள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாய் திறக்கவில்லை.

பார்த்தது உண்மை. உன் நெஞ்சு வலியை நான் விளையாட்டு என்று பார்த்தேன். மகளிடமும் போதகரிடமும் இதை இன்றுவரை சொல்லவில்லை. இனிச் சொல்வேன் என்றும் தோன்றவில்லை. என்னைப் பற்றி நல்லதென்று நீ நம்பிக் கொண்டுபோன அந்த ஒன்று பிழையானது. 8-ஆம் தேதி பிற்பகல் மூன்று பத்துக்கு நீ போனாய். அதைத் திருத்திச் சொல்ல எனக்கு இருபத்தெட்டு மணி நேரமும் பத்து நிமிடமும் இருந்தன.