அல்முட் கொண்டுவந்த குத்துவாள்

சோலிங்கன், 2018

மார்ச் 6
மழை. மதிப்பீட்டுக்கு வந்த கடற்படைக் குத்துவாள்கள் இரண்டு பார்த்தேன். ஒன்று அசல். மற்றது சமீபத்தில் செய்து, அமிலம் தடவிப் பழசாக்கியது. வாங்கி ஏமாந்தவர் கோபமாகப் போனார் - என் மேல்!

மார்ச் 8
வயதான அண்ணன் தங்கை வந்தார்கள். யோஸ்டுக்கு எண்பது, அல்முட் நான்கு வயது இளையவர். தரைப்படை அதிகாரியின் குத்துவாளைச் சமையல் துண்டில் சுற்றி அல்முட் கொண்டுவந்திருந்தார். அப்பா 1942இல் ரஷ்யாவில் இறந்தார். அவருடையது இது ஒன்றுதான் மிச்சம் என்றார். அம்மா சாகும்போது அதை மகளுக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"அப்பா மடியில உக்காந்தவன் நான். இவ பொறக்கறதுக்குள்ள அவர் போயாச்சு. வாள் மட்டும் இவளுக்கா?" என்றார் யோஸ்ட்.

"மடியில உக்காரக் குடுத்து வைக்காதவளாச்சேன்னுதான் எனக்குக் குடுத்தாங்க."

மதிப்பிட்டபின் யாருக்கு என்று முடிவு செய்வார்களாம். அதுவரை வாள் என்னிடம்.

மார்ச் 9
வாள் அழகாக இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது. உறையின் வளையங்களில் தேய்மானமே இல்லை. இடுப்பில் தொங்கியதே கிடையாது. பிடியின் உச்சியிலுள்ள குமிழைத் திருகிக் கழற்றிப் பிடியை உருவினேன். உள்ளே நீலக் கம்பளி நூல், பிடி ஆடாமலிருக்கச் சுற்றியது. எந்தப் பட்டறையும் படைக்கு இப்படிச் செய்து அனுப்பியிருக்காது.

பாகங்கள் போர்க்காலத்தவை. கோத்தது பிறகு. ஜெர்மனி தோற்றபின் இந்த ஊர் வாள் பட்டறைகளில் மிஞ்சிய பாகங்களை மாட்டி, வந்திறங்கிய வெளிநாட்டுச் சிப்பாய்களிடம் சிகரெட்டுக்குக் கொடுத்தார்கள். அப்படி ஒன்று இது. அப்பா இதைத் தொட்டதே இல்லை.

மார்ச் 11
எப்படிச் சொல்றது? அசல்னு சொன்னா சண்டை தொடரும். இல்லைன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் அப்பாவே இல்லாம போயிடுவார். - ஆனால் பொய்யில் கையெழுத்துப் போட என்னால் முடியாது.

மார்ச் 13
சொல்லிவிட்டேன். பிரித்த வாளை மேசையில் வைத்துக் காட்டினேன். அல்முட் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப அம்மா பொய் சொன்னாங்களா?"

யோஸ்ட் நூலைத் தொட்டார்.

"இது என் கையுறை. அம்மா இதைப் பிரிச்சு நூலாக்கினாங்க. நான் அழுதேன்."

"என்ன உளறுற?"

"போர் முடிஞ்சதும் சமையல் மேசையில வச்சு வாள் கோப்பாங்க. எனக்கு ஏழு வயசு, நூல் கண்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். நீ கால்கிட்ட நின்னு கத்துவ. எல்லாத்தையும் வித்து மாவு வாங்கினாங்கன்னு நெனச்சேன்... ஒண்ணை உனக்குன்னு எடுத்து வச்சிருக்காங்க."

அல்முட் அழுதார். பிறகு வாளை அண்ணன் பக்கம் தள்ளினார். "நீ வச்சுக்கோ. அவங்க செய்யறதைப் பாத்தவன் நீதான்."

"பைத்தியமா உனக்கு? உனக்குன்னு செஞ்சது."

"சொன்னாக் கேளு அண்ணா!"

என் மேசையிலேயே மறுபடி சண்டை. வாளைக் கோத்துத் துண்டில் சுற்றி நடுவில் வைத்துவிட்டு, காப்பி போட உள்ளே போனேன்.

ஏப்ரல் 28
சந்தையில் இருவரையும் பார்த்தேன். வசந்தத்தில் மட்டும் கிடைக்கும் வெள்ளை ஆஸ்பாரகஸ் தண்டு வந்துவிட்டது. "முத்தலா பொறுக்கறா பாருங்க தம்பி," என்றார் யோஸ்ட். "பையைப் பிடிக்கத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன், பேச இல்ல," என்றார் அல்முட். வாள் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உருளைக்கிழங்குக்காரரிடம் போய்விட்டார்கள்.